கடைசி வீட்டுக் கதவு

“இனிமேல் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாமாம், அம்மா” என்றார் தெய்வசிகாமணி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முப்பத்தாறு வருஷம் உழைத்த அதிகாரி அவர். ஊரார் தலைகளை எண்ணி எண்ணித் தம் தலை வழுக்கையானவர். அவருடைய குரு மங்கையற்கரசி அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதையும் கணக்கிட்டு வைத்திருந்தார்.

“ரேஷன் அட்டை, மின் இணைப்பு, செல்போன் எல்லாவற்றையும் கோத்துவிட்டால் எண்ணிக்கை தானாகவே வந்துவிடுமாம். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.”

“வந்துவிடுமா?”

“வந்துவிடும். சோதித்துப் பார்த்தாயிற்று. ஒரு தப்பும் இல்லை.”

“பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது?”

“அது தெரிந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?”

அம்மா சிரித்தார்.

“இந்தத் தெருவின் கடைசி வீடு. எத்தனை பேர்?”

அவர் மடிக்கணினியைத் தட்டினார். “ஒருவர். பெயர் வீரபாகு. வயது எண்பத்தொன்று.”

“போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.”

“அதுதான் தெரிந்துவிட்டதே!”

“உங்களுக்குத் தெரிந்துவிட்டது.”

காலையில் போனவர் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் திரும்பினார். சட்டையில் காபிக் கறை.

“எத்தனை பேர்?”

“ஒருவர். வீரபாகு. எண்பத்தொன்று.”

“அதற்கா மூன்று மணி நேரம்?”

“ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று கேட்டேன், அம்மா. அதுதான் விதி. ‘நானும் பூனையும்’ என்றார். பூனையைச் சேர்க்க விதி இல்லை. முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்று கேட்டேன். ‘அரிசிதான். ஆனா எனக்குக் கம்பங்கூழ்னா உசுரு. இத்தன நாளா யாரு கேட்டா?’ என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.”

“என்ன செய்தீர்கள்?”

“கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டேன்.”

அம்மா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சம்மதக் கடிதம். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. பின்பக்கம் முழுக்கக் கம்பங்கூழ், இறந்துபோன மனைவியின் பெயர், பூனையின் வயது.

“திங்கட்கிழமை இதையா அனுப்பப் போகிறீர்கள்?”

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“கிளம்பும்போது, ‘அடுத்து எப்ப வருவீங்க?’ என்று கேட்டார். பழக்க தோஷம், பத்து வருஷம் கழித்து என்று சொல்லிவிட்டேன்.”

“அதற்கு அவர்?”

“‘சரி தம்பி, இருக்கேன். வந்துடுங்க’ என்றார்.”