சீசாவில் பிடித்த டீசல்

மெய்யப்ப சாமிக்கு மடம் கிடையாது. ஒரு பழைய வேன்தான். அதற்குள்ளேயே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குடம். கூப்பிட்ட ஊருக்குப் போவார், கேட்டவர்களுக்குப் பதில் சொல்வார், கிளம்பிவிடுவார். சமைத்துப் போட்டுக்கொண்டு கூடவே போனாள் சிஷ்யை சிவனம்மாள். சாமி அவளுக்குத் தம்பி வயதுதான். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள்.

வேனின் டீசல் டேங்க் துருப்பிடித்துக் கசிந்தது. விடிந்ததும் சிவனம்மாள் வண்டிக்கு அடியில் புகுந்து, துணி சோப்பைக் குழைத்து ஓட்டையில் அப்புவாள். மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று சொட்டும். அதற்கும் அப்புவாள்.

ஆண்டிபட்டி தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

இன்றைக்கா நிற்க வேண்டும் என்று சிவனம்மாள் புலம்பினாள். நாளைக் காலை கம்பத்தில் பேத்திக்குக் காது குத்து. சண்டை போட்டுக்கொண்டு மகன் வீட்டை விட்டு வந்தவளை, இத்தனை வருஷம் கழித்து மருமகள் ராசாத்தியே ஃபோனில் கூப்பிட்டிருந்தாள். "வந்துருங்கத்தே." அவ்வளவுதான் சொன்னாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டார்கள். மெக்கானிக் காசிம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சோப்புலயே வண்டி ஓட்டியிருக்கீங்க போல."

"அடைச்சுக்கிட்டு இருந்துச்சே பாய்."

"அடைப்பு நல்லாத்தான் இருக்கு. டேங்க்தான் இல்ல. வேற மாத்திரலாம், மத்தியானம் ஆயிரும்."

சிவனம்மாள் சாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாமி, நாளைக்கு நான் போனா மறுபடியும் சண்டை வந்துருமா?"

"போய் என்ன செய்யப் போறீங்க?"

"வாயே திறக்க மாட்டேன். அன்னைக்கு அவ பேசின பேச்செல்லாம் மனசுக்குள்ளயே இருக்கட்டும். சிரிச்ச முகமா இருந்துட்டு வந்துருவேன்."

"இருக்குமா?"

"இத்தனை நாள் இருந்துச்சே."



காசிம் பழைய டேங்கின் அடி நட்டைத் திறந்தார். டீசல் கேனில் இறங்கியது. கடுங்காப்பி நிறம்.

"பூராவும் துரு, இதுதான் அடைச்சிருக்கு. இது வண்டிக்கு ஆகாதும்மா."

"கேன் நெறைய இருக்கே பாய். எப்படி வேண்டாங்கறது?"

பழைய நூல் சேலையை நாலாக மடித்து வடிகட்டினாள். துணி சிவந்தது. துணியை மாற்றி மறுபடி வடிகட்டினாள்.

"பாருங்க சாமி, எப்படித் தெளிஞ்சிருச்சு."

சாமி ஒரு காலி சீசாவை எடுத்தார். அந்த டீசலை அதில் நிறையப் பிடித்து, பட்டறை மதில் மேல் வைத்தார்.

"இது எதுக்கு சாமி?"

"இருக்கட்டும் அக்கா. பசிக்குது."

அவள் தயிர்சோறும் ஊறுகாயும் வைத்தாள். தனக்குப் போட்டுக்கொண்டதைத் தொடவில்லை.

"ராசாத்தி மனசார கூப்பிட்டாளா, ஊர் பேசுமேன்னு கூப்பிட்டாளா? அது தெரியலையே."

"இன்னும் கொஞ்சம் தயிர் ஊத்துங்க அக்கா."

புது டேங்க் மேலே ஏறியது. காசிம் அதைத் தாங்கும் பட்டைகளை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல டீசலா கொண்டாங்க, ஊத்திப் பார்ப்போம்."

சிவனம்மாள் தன் கேனைத் தூக்கினாள். சாமி மதிலைக் காட்டினார்.

சீசாவின் அடியில் செங்கல் பொடியைப் போல ஒரு படிவு இறங்கியிருந்தது. மேலே முன்னைவிடத் தெளிவு.

காசிம் எட்டிப் பார்த்தார். "எங்கிட்ட குடுங்கம்மா, பட்டறைச் சாமான் கழுவ ஆகும்."

அவள் கேனை விடவில்லை.

"இரண்டு தடவை வடிகட்டினேனே சாமி."

"ஆமா, நானும் பார்த்தேன்."

"மேல தெளிவாத்தானே இருக்கு? அடியில கெடக்குறது அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே. ஆட்டாம அசைக்காம ஊத்திக்கிட்டா என்ன?"

சாமி வேனின் கதவைத் திறந்தார்.

"ஊத்தலாம் அக்கா. வண்டி இங்கயே நிக்கும்னா அடியிலயே கெடக்கும். நாம கம்பம் போகணுமே."