பாலுக்குக் காவல்

“நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகலைம்மா” என்றார் மாசிலாமணி.

அவர் மடத்துச் சமையல்காரர். முப்பது வருடமாகக் கரண்டி பிடித்த கை. புற்றுநோய்க்கு மூன்று கீமோ முடிந்துவிட்டது. இன்னும் மூன்று பாக்கி.

மடத்தின் குரு விசாலாட்சி அம்மை, அவரைவிட இருபது வயது இளையவர். அடுப்படியில் பூசைக்குப் பால் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்னண்ணே சொல்றார்?”

“கட்டி பாதியாச் சுருங்கிடுச்சாம். நடுவுல விட்டுடாதீங்கன்னு கெஞ்சறார்.”

“பின்னே?”

“வாந்திம்மா. குடலே வெளியே வந்துடும் போல இருக்கு. தாளிக்கிற வாசனைகூட ஆகலை. சமையல்காரனுக்கு இதைவிட என்ன கேடு வேணும்? கட்டியோடவே இருந்துட்டுப் போறேன்.”

அம்மை திரும்பிப் பார்த்தார்.

“வாந்திக்கு மாத்திரை கொடுத்தாங்களே?”

மாசிலாமணி இடுப்பு மடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டே இரண்டு குழிதான் காலி.

“கீமோ ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணுமாம். அப்புறம் மூணு நாள் வேளை தவறாமப் போடணுமாம். வராத வாந்திக்கு எதுக்கு மாத்திரை? வந்தப்புறம் போட்டேன். அதுவும் சேர்ந்து வெளியே வந்துடுச்சு.”

அம்மை பாலை அடுப்பில் ஏற்றினார். தீயைக் கூட்டினார். கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விளிம்பில் நுரை கட்டியது.

“அம்மா, பால்!”

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

ஏடு மெல்ல எழும்பியது.

“பொங்கப் போகுதும்மா! தண்ணியைத் தெளிங்க!”

“இன்னும் பொங்கலையே. வழியட்டும், அப்புறம் தெளிக்கலாம்.”

“வழிஞ்சப்புறம் தெளிச்சு என்ன பிரயோஜனம்?”

அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் ஒரே எட்டில் பாய்ந்து வந்தார். டம்ளரைப் பிடுங்கினார். தெளித்தார். பால் அடங்கியது.

“முப்பது வருஷத்துல என் அடுப்புல ஒரு சொட்டு வழிஞ்சதில்லை, தெரியுமா!”

சொல்லிவிட்டு நின்றார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை அட்டை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அம்மையும் சிரித்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஊசிம்மா.”

“சரிண்ணே.”

“ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க.”