முக்காடு போட்டு வந்த எம்

அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு வாய் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. அவை ‘அக்காமடேஷன்’ என்ற விடுதியில் தங்கியிருந்தன. அறைக்கு ஓர் எழுத்து என்பது அங்கே சட்டம். ஆனால் சி என்பவள் தன் தங்கையையும் அழைத்து வந்து, “நாங்க ரெண்டு பேரும் ஒரே குரல்லதான் பேசுவோம், யாருக்கும் தொந்தரவு இல்லை” என்று வாதாடிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாசல் தள்ளியிருந்த எம்முக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் ஒரு தங்கை உண்டு, எங்கோ தூர தேசத்தில். சி சகோதரிகள் சேர்ந்து சிரித்தால் இவளுக்குச் சோறு இறங்காது. “கொழுப்பைப் பாரு” என்று சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். தானும் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் அல்லவா!

ஒருநாள் மத்தியானம் சி வெளியூர் போய்த் திரும்பினாள். கூடவே முக்காடு போட்ட ஒருத்தி. சி முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில், வந்தவள் களைப்பில் எம்மின் வாசலிலேயே பாயைப் போட்டுத் தூங்கிவிட்டாள்.

“ஒருத்தி போதாதுன்னு இன்னொரு தங்கச்சியா? அதுவும் என் வாசல்லயா?” எம்முக்குக் கோபம் தலைக்கேறியது. பாயோடு இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

சத்தம் கேட்டு சி ஓடி வந்தாள். “ஐயோ, என்ன காரியம் பண்ணினே! நீ தனியா இருக்கியேன்னு உன் தங்கச்சியைத்தான் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்!”

எம் கதவைத் திறந்தாள். முக்காடு விலகியிருந்தது; தன் முகமே எதிரில் நின்று அழுதது. எம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“உள்ளே வாடி கண்ணு. தெரியாம செஞ்சுட்டேன்.”

“வேற யாராவதா இருந்தா தள்ளலாமாக்கா?” என்றாள் தங்கை.

உள்ளே வந்தாள்தான். ஆனால் மனம் ஒட்டவில்லை. எழுதுகிறவர் சற்றே அசந்தால் போதும், எழுந்து வெளியே போய்விடுவாள். இருவருக்கும் ஒரே குரல் என்பதால், போனது யார் காதுக்கும் தெரியாது.

அன்று முதல்தான், நம் ஊர் விடுதிப் பலகைகள் பலவற்றில் ‘அக்காமடேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. நிற்பவள் அக்கா.