நிதானமாக நடந்தவர்

முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த மாசிலாமணி, ஓய்வு பெற்ற மறுமாதமே வடிவம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. "என்ன வேலை கொடுத்தாலும் செய்யுதேன்" என்றார் மாசிலாமணி. "வாசலைப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார் அம்மை.

வாசலில் ஒரே ஒரு வேலைதான். வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

அம்மையின் தவச்சாலை ஒரு மொட்டைக் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. வாசலைத் தாண்டினால் கருங்கல் பாவிய முற்றம். முற்றத்தின் நடுவில் அம்மையின் குருவுடைய சமாதி. அதற்கப்பால் கூடம். சமாதி முற்றத்திலேயே இருந்ததால், கூடத்துப் படியில் அல்ல, தெருவாசலிலேயே செருப்பை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அதற்கு ஒரு பலகையும் மாட்டியிருந்தது. மார்கழியில் அந்தக் கல் பாதத்துக்குச் சில்லென்று இருக்கும். சித்திரையில் வருகிறவர்கள் சுவரோர நிழலைப் பிடித்து ஓடுவார்கள். உச்சிப்பொழுதில் அந்த நிழலும் இருக்காது. எத்தனை பெரிய மனிதரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துத்தான் கூடம் சேர வேண்டும். அதைப் பார்ப்பதில் மாசிலாமணிக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலையில் அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரில் போய் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"செருப்பைக் கழட்டுங்கன்னு சொன்னா சில பேருக்கு முகம் சுருங்கிருது. நேத்து ஒருத்தர், லேஸ் கட்டின ஷூ, அவுக்க அஞ்சு நிமிஷம் ஆகும்ங்கார். அம்பது கிலோமீட்டர் வந்திருக்கீங்க, அஞ்சு நிமிஷத்துல என்ன தேஞ்சா போயிருவீங்கன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டு வாசலோட திரும்பிட்டார்."

"சரி."

"வந்தவங்க மனசு நோகாம எப்படிக் கேக்கணும்?"

"ரயில்ல எப்படிக் கேட்டீங்க?"

"அங்க மனசை யாரும்மா பாத்தா? டிக்கெட்டைத்தான் பாத்தோம்."

அம்மை சிரித்தார். "காம்போட போடாதீங்க அண்ணாச்சி, ரசத்துல நாக்கைக் குத்தும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் ஒருவர் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருப்பார் போல, கழுத்தெல்லாம் வியர்வை. காலில் தடித்த கறுப்புச் செருப்பு, குதிகாலைச் சுற்றிப் பட்டை வைத்தது. வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார்.

"ஐயா, அம்மாவைப் பாக்கணும்."

"தாராளமா. செருப்பை இங்க விட்டுட்டுப் போங்க."

"ஐயா, ஒரு விஷயம்..."

"எதுன்னாலும் உள்ள போய்ப் பேசிக்கலாம். முதல்ல செருப்பு."

வந்தவர் மறுபடி பலகையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பட்டையை அவிழ்த்தார். இரண்டு செருப்பையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்தார். மாசிலாமணியின் கண் செருப்போடேயே போய், அது வரிசையில் உட்கார்ந்ததும் நிம்மதியாயிற்று.

அவர் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முற்றத்தில் காலை வைத்தார்.

மாசிலாமணி வழக்கம்போல வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

அவர் குதிக்கவில்லை.

ஓடவுமில்லை. ஒரு காலை எடுத்து வைத்தார். தரையைப் பார்த்தார். அடுத்த காலை எடுத்து வைத்தார். வயல்வரப்பில் தண்ணீர்க்குடத்தோடு போகிறவர் மாதிரி அத்தனை நிதானம். கல்லிலிருந்து அனல் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. அந்த அனலுக்குள்ளே அவர் உருவம் லேசாக நெளிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மாசிலாமணி வாசல்படியில் ஏறி நின்று பார்த்தார்.

சமாதிக்கு எதிரே வந்ததும் அவர் நின்றார். கை குவித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. வெயில் நடுமண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் இதற்குள் அலறிக்கொண்டு நிழலுக்கு ஓடியிருப்பார்கள். அவர் குளத்துத் தண்ணீரில் நிற்கிறவர்போல நின்றார்.

கூடத்துத் தூணோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். தவச்சாலையில் சமையல் பார்க்கிறவள் அவள். எத்தனையோ சாமியார்களைப் பார்த்தவள், எவரையும் லேசில் நம்பாதவள்.

"யாரு அண்ணாச்சி இது?" என்றாள், வாசலுக்குக் கேட்கும்படி.

மாசிலாமணி கை கூப்பினார். இப்படிப்பட்டவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார். சூடும் குளிரும் தீண்டாதவர்கள். ஊர் பேர் தெரியாமல் வருவார்கள், போய்விடுவார்கள். அப்படி ஒருவரைத் தன் ஆயுளில் பார்ப்போம் என்று அவர் நினைக்கவில்லை. அவரிடம்தானா 'முதல்ல செருப்பு' என்று சொன்னோம்?

வந்தவர் கண்ணைத் திறந்தார். மறுபடியும் அதே நடை. கூடத்துப் படியேறி நிழலில் நின்றார். மாசிலாமணி வாசலை அப்படியே விட்டுவிட்டு, தன் பாதம் சுடச்சுட முற்றத்தைக் குறுக்கே ஓடிக் கடந்து, அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயா, என்ன இது, எந்திரிங்க. எந்திரிங்க ஐயா."

மாசிலாமணி எழவில்லை. அவர் நெற்றி அந்தப் பாதங்களுக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. மூக்குக்கு நேரே வலது பாதத்தின் விளிம்பு. அங்கே தோல் வெளுத்து, உள்ளே நீர் கோத்து, மேலே எழும்பியிருந்தது. கட்டைவிரலடியில் இன்னொன்று. அது உடைந்து கல்லில் ஈரமாகப் பதிந்திருந்தது.

"கால்..." என்றார் மாசிலாமணி.

"என்ன ஐயா?"

"உங்க கால் வெந்திருக்கு."

வந்தவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாதது எல்லாம் அப்போது வந்தது.

"பட்டுருச்சா?" என்றார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"எரியலையா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது ஐயா. ரெண்டு காலும், முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. சர்க்கரை. ஆறு வருஷமாச்சு."

சத்தம் கேட்டு அம்மை கூடத்துக்குள்ளிருந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். வந்தவரைப் படியிலேயே உட்கார வைத்து, பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு பாதத்தில் விட்டார். பொன்னுத்தாய் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "ஒண்ணும் தடவக் கூடாது தாயி. வெளுத்த துணி கொண்டா" என்றார் அம்மை. தண்ணீர் விடுவதை அவர் நிறுத்தவில்லை.

"பேரு என்னங்க?"

"இசக்கியப்பன். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கிட்டிருந்தேன் அம்மா. பிரேக்கை மிதிச்சிருக்கேனா இல்லையான்னு காலுக்குத் தெரியாமப் போச்சு. பிள்ளைங்க இருக்கிற வண்டி. விட்டுட்டேன்."

"செருப்பில்லாம நடக்கலாமா நீங்க?"

"கூடாதும்மா. வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டுத்தான் நடக்கச் சொல்லியிருக்காங்க. எங்க அண்ணனுக்கு இப்படித்தான், ஒரு கோயில் பிரகாரத்துல சுட்டது. இப்ப ஒரு கால் முழங்காலோட சரி."

மாசிலாமணி தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "தெரிஞ்சேவா கழட்டினீங்க?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன் ஐயா. அப்புறம், எல்லாரும் கழட்டிட்டுப் போற இடம், நான் மட்டும் செருப்போட சமாதிக்கு முன்னால போய் நிக்கவான்னு இருந்தது. மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். முள்ளு கிடக்கா, கண்ணாடிச்சில்லு கிடக்கான்னு பாத்துப் பாத்துத்தான் வெச்சேன். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சூடு கண்ணுக்குத் தெரியலையே."

தண்ணீர் படியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"சமாதிகிட்ட அவ்வளவு நேரம் நின்னீங்களே" என்றாள் பொன்னுத்தாய் மெதுவாக.

இசக்கியப்பன் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். "வேலைதான் போச்சு, இந்தக் காலையாவது விட்டு வையுங்க சாமின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

மாசிலாமணி முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மை துணியைச் சுற்றி முடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது தெருவாசலில் வந்து நின்று ஒலி எழுப்பியது.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றார் அம்மை.

மாசிலாமணிக்கு விளங்கவில்லை. "முற்றத்துக்குள்ளயா? அம்மா, சமாதி..."

"சமாதியைச் சுத்தி வர இடம் இருக்கு. இவர் இனி ஒரு அடி நடக்கக் கூடாது."

ஆட்டோக்காரருக்கு அந்த ஊர்தான். வழக்கம் தெரிந்தவர். வண்டியை வாசலில் பாதி நுழைத்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"அம்மா, செருப்பைக் கழட்டிட்டு ஓட்டவா?"

"போட்டுக்கிட்டே வாங்க."

வண்டி எண்ணெய் சொட்டச் சொட்டக் கருங்கல்லின் மேல் உருண்டு வந்து படியருகே நின்றது. அதற்குள் அம்மை வெயிலில் இறங்கி வாசல்வரை போய், இசக்கியப்பனின் செருப்பு இரண்டையும் கையில் எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, சமாதியைக் கடந்து திரும்பி வந்தார். அவர் ஓடவில்லை. வெறுங்காலோடு, இசக்கியப்பன் நடந்த அதே நடை. அவருக்குச் சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும். முகம் சுருங்கியது. நடை மாறவில்லை.

செருப்பை மாசிலாமணியின் கையில் கொடுத்தார். "கூடப் போங்க அண்ணாச்சி" என்றார்.

ஆட்டோ போன பிறகு, வாளியும் துணியும் எடுத்து, எண்ணெய் சொட்டிய கல்லையெல்லாம் அம்மையே துடைத்தார்.

மாசிலாமணி இருபத்திரண்டாம் நாள்தான் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். வாசலிலிருந்து கூடம்வரை நனைத்த சாக்கு விரித்திருந்தது. வாசலில் அம்மையே உட்கார்ந்திருந்தார். பலகை இருந்த இடத்தில் இருந்தது.

"என்ன சொல்லுதாங்க?"

"ஒரு விரல் போயிருச்சு அம்மா. கால் தப்பிச்சது."

அம்மை கண்ணை மூடித் திறந்தார். மாசிலாமணி உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்.

"காலையில எழுந்ததும் முகம் பாக்கிற கண்ணாடியைத் தரையில வெச்சு, அது மேல உள்ளங்காலைப் பிடிச்சுப் பாக்கார் அம்மா. விரல் விரலா, இடுக்கு இடுக்கா. தனக்குத் தெரியாம ராத்திரி என்ன பட்டுதோன்னு. ஆறு வருஷமா ஒரு நாள் விடல. சாமி கும்பிடுறவன்கூட அவ்வளவு நேரம் குனிய மாட்டான். ஆஸ்பத்திரியில நான்தான் கண்ணாடியைப் பிடிச்சேன்."

"உங்க மேல கோவம் இல்லையா?"

"அதைத்தான் தாங்க முடியல. பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட 'நம்ம ஐயா, அம்மாகிட்ட இருக்கார்'னு பெருமையாச் சொல்லுதார். விரல் எடுத்த அன்னைக்கு, நான் சாப்பிட்டேனான்னு கேட்டார்."

மாசிலாமணி பலகையைப் பார்த்தார்.

"அம்மா, எனக்கு இந்த வாசல் வேண்டாம். யோக்கியதை இல்ல."

"வேற யாரு நிப்பா?"

"யாரும் நிக்க வேண்டாம். பலகையை எடுத்துருவோம். அவங்கவங்க இஷ்டம்போல வரட்டும்."

"எதுக்கு எடுக்கணும்? கல்லு சுத்தமாத்தான் இருக்கணும்."

"அப்ப கழட்டத்தான் சொல்லணுமா?"

"சொல்லத்தான் வேணும்."

"இன்னொரு இசக்கியப்பன் வந்தா?"

"போட்டுக்கிட்டே வரட்டும். நான் துடைச்சுக்கிடுதேன்."

"வாரவங்கள்ல அவர் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கும் எனக்குத் தெரியலையே அம்மா. வெந்துபோன காலோட நிக்கிறவரை மகான்னுல்லா நினைச்சேன். நினைச்சு, பைத்தியக்காரன் மாதிரி அவர் கால்ல விழுந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு."

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"விழுந்தது தப்பில்ல அண்ணாச்சி. கூடத்துக்கு வந்தப்புறம்தானே விழுந்தீங்க. வாசல்ல வந்து நின்னாரே, அப்பவே விழுந்திருக்கலாம்."