தார் டிரம்மில் தட்டிய மரங்கொத்தி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

ஒரு காட்டோரத்தில், ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று வாய் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. கொண்டையன் என்கிற மரங்கொத்தி கோடை முழுக்க அதன்மேல் உட்கார்ந்து அலகால் தாளம் போட்டான். மரத்தில் தட்டுகிற மாதிரியா? விளிம்பில் தட்டினால் காதைக் கீறும். தார் உறைந்த இடத்தில் தட்டினால் அடிவயிற்றில் விழும். வேகமாக ஓடும், தடுக்கும், நடுவில் சட்டென்று நிற்கும். முடிந்தது என்று எழுந்தால், அப்போதுதான் மறுபடி ஆரம்பிக்கும்!

சடைச்சி என்கிற முள்ளம்பன்றி தினமும் வந்து பக்கத்துப் புதரில் உட்காருவாள். போன வருஷக் காட்டுத்தீயில் அவள் வளைக்குள்ளேயே குட்டிகள் வெந்து போயின. தீ அடங்கின பிறகு வளை வாசலில் காதை வைத்துக் கேட்டாளே, அப்போது அவள் நெஞ்சு எப்படி அடித்ததோ, அப்படியே அடிக்கும் அந்தத் தாளம், நின்று திரும்பத் தொடங்குகிற இடத்தில். அழுவாள். அழுது முடித்தால்தான் அவளுக்குக் கிழங்கு இறங்கும்.

ஓரி என்கிற கிழநரிக்கு யோசனை வேறு. மழை வந்தால் அவன் வளைக்குள் தண்ணீர் ஏறிவிடும். டிரம்முக்குள்ளோ சொட்டு ஈரம் இல்லை. ஆனால் மேலே ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தால் உள்ளே எப்படித் தூங்குவது?

"காதே போச்சு! பஞ்சாயத்தைக் கூட்டுங்க!" என்று காடெல்லாம் சுற்றி வந்தான்.

டிரம்மைச் சுற்றியே பஞ்சாயத்து கூடியது. கொண்டையன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தரைத் துரத்துமுன், காட்டெருமைப் பெரியவர் எல்லாரையும் கேட்பார். "இருக்கட்டும்" என்று ஒரே ஒரு குரல் வந்தாலும் துரத்தக் கூடாது.

"பாட்டுன்னா ஒரு அடியாவது திரும்பி வரணும்!" என்றது குயில். "இதுல போனது போனதுதான்!"

"இதுக்கு எந்தக் காலைத் தூக்கி எங்கே வைக்கிறது?" என்றது மயில். "ஆடினா சுளுக்கிக்கும்!"

குரங்கு மட்டும் தாடையைச் சொறிந்தபடி, "உங்களுக்கெல்லாம் புரியாது. இதுல ஆழம் இருக்கு," என்றது.

"அப்படியா மாப்பிள்ளை? எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்!" என்றான் ஓரி.

குரங்கு விழித்தது. "அது... யாரோ சொன்னாங்க. நானும் சொன்னேன்."

காடே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஓரி எழுந்தான்.

"பிடிச்சவங்க தாராளமா 'இருக்கட்டும்'னு சொல்லுங்க! ஆனா ஏன் பிடிச்சதுன்னு விளக்கணும். நியாயம்தானே பெரியவரே?"

விளக்கம் கேட்பது வழக்கத்திலேயே இல்லை. ஆனாலும் நியாயம் மாதிரி இருந்ததால் பெரியவர் தலையாட்டிவிட்டார்.

சடைச்சிக்கு வாய் வரை வந்தது. எப்படி விளக்குவது? வெந்த குட்டிகளை இந்தக் கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து போடுவதா? அதற்கும் இவர்கள் சிரித்தால்?

"சடைச்சியக்கா, நீங்க தினம் அங்கேதானே உட்காருவீங்க?" என்றான் ஓரி. "சொல்லுங்க!"

"நிழலுக்கு உட்கார்ந்தேன்," என்றாள் சடைச்சி. "எனக்கும் தலைவலிதான்."

கொண்டையன் அவளையே பார்த்தான். டிரம்மில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். அவள் முள்ளைச் சிலிர்த்து முகத்தை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும்" என்று ஒரு குரலும் வராததால், அவன் மொட்டைப் பாறைப் பக்கம் பறந்து போனான். அந்தப் பக்கம் மரமே கிடையாது.

மழை வந்தது. குயிலும் மயிலும் டிரம் பக்கத்து மரத்தடியில் ஒண்டின.

"நடுவுல நிற்குமே, அங்கே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்," என்றது குயில் மெதுவாக.

"உனக்குமா! அன்னிக்கு ஏன்டி சொல்லலை?"

"விளக்கத் தெரியலையே!"

டிரம்முக்குள்ளிருந்து ஓரி தலையை நீட்டினான். "நான் முதல் நாளே கண்டுபிடிச்சேன், அவன் மகா கலைஞன்னு! அந்த நிறுத்தம் என்ன தெரியுமா? மழைக்கு முந்தின அமைதி! இந்தக் காட்டுக்குத்தான் காது இல்லை!"

"ஆகா, என்ன விளக்கம்!" என்றது மயில்.

புதருக்குள் நனைந்துகொண்டிருந்த சடைச்சி, "அது இல்லை. அது இல்லவே இல்லை," என்றாள். பிறகு, "இருக்கட்டும்," என்றும் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மழை டிரம்மின்மேல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. எந்த இடத்திலும் அது நிற்கவில்லை.

பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல விளக்கம் வேண்டியதில்லை, பிள்ளைகளே; சொல்ல வேண்டிய நேரத்தில் நீ விழுங்கின சொல்லை, பிறகு நரிதான் எடுத்துப் பேசும்.

ஓரி கொட்டாவி விட்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த இடத்தில் சுருண்டு தூங்கினான்.