வேப்பங்கேணியில் விழுந்த கைதட்டு

தேர்தல் வந்தால் எங்கள் இலங்கையில் தமிழ் தெரியாத தலைவர்களும் தமிழ் பேசுவார்கள். சிங்கள எழுத்தில் எழுதிவைத்து அப்படியே வாசித்துவிடுவார்கள்.

அப்படியொரு ஜனாதிபதி வேட்பாளர் வேப்பங்கேணிக்கு வருவதாக இருந்தது. முதல்நாளே ஊர் விபரம் திரட்ட வந்த அவருடைய செயலாளர், நூலகத்தில் புத்தகம் அடுக்கும் தவமலரைச் சிங்களத்தில் அதட்டினார்.

“இந்த ஊரைப் பற்றித் தலைவர் பேச மூன்று வரித் தமிழ் எழுதித் தா. ஊரே கைதட்டவேணும். தட்டாவிட்டால் உன் வேலை போய்விடும்.”

தவமலர் தமிழைச் சிங்கள எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் தலைவர் மேடையில் கம்பீரமாக வாசித்தார்.

“போன தேர்தலுக்கும் இதே சந்தியில் நின்று குழாய்த்தண்ணீர் தருவதாகச் சொன்னேன். இன்னும் ஒரு சொட்டும் வரவில்லை. பொங்கலுக்குள் வராவிட்டால் என்னை இனி மேடையேற விடாதீர்கள்.”

கைதட்டு அடங்கவே இல்லை. தலைவருக்குப் புளுகம் தாங்கவில்லை. வாயெல்லாம் பல்லாக அதையே இன்னொரு தடவை வாசித்தார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் அர்த்தத்தைச் சொன்னதும் செயலாளர் தவமலரிடம் பாய்ந்து வந்தார்.

“என்ன எழுதித் தந்தாய்?”

“ஊர் விபரம்தான், சேர். நீங்கள் கேட்ட கைதட்டு வந்திட்டுது. இனித் தண்ணி வரவேண்டியதுதான்.”