ஏகாம்பரம் டென்னிஸ் பார்த்த நாள்

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அச்சகம் நடத்துகிறவர். அவருடைய குரு கோமதி அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. வயதில் இளையவர்தான், ஆனாலும் ஆறு வருடமாக விடியற்காலையில் அவர் எதிரே போய் மௌனமாக உட்கார்ந்து எழுந்து வருவார் ஏகாம்பரம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் கேட்டார்:

"அம்மா, பெருங்கூட்டத்துக்கு நடுவுலயும் மௌனமா இருக்க முடியுமா?"

"சென்னையில பெரிய டென்னிஸ் போட்டி நடக்குதே. டிக்கெட் கிடைக்குமா?" என்றார் கோமதி அம்மா.

ஏகாம்பரம் வாங்கி வந்தார்.

இருபத்தோராம் வரிசையில் இடம். ஏகாம்பரத்துக்கு வலப்பக்கம் கோமதி அம்மா. இடப்பக்கம் ஒரு பெரியவர். வெயிலுக்குத் தலையில் நீலத் தொப்பி. பெயர் சவரிமுத்து. திண்டுக்கல்லில் ஒரு கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால் கோடு போட்டு, வலை கட்டி, ஆட வருகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று பந்து திருப்பிப் போடுகிறவர்.

"உங்க ஊர்ப் பொண்ணு நிறைமதி ஆட்டத்துக்காக வந்தீங்களா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"பாப்பாவுக்கு எட்டு வயசுல முதப் பந்து நான்தான் போட்டேன் சார். வந்திருக்கறதை அவகிட்டச் சொல்லலை. தெரிஞ்சா பந்தைப் பாக்காம என்னையத் தேடும்."

ஆட்டம் தொடங்கியது. முதல் செட் நிறைமதிக்கு. இரண்டாவதில் நாலுக்கு நாலு. நிறைமதியின் சர்வ், கேம் பாயிண்ட்: இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் அந்த கேம் அவளுக்கு.

அத்தனை ஆயிரம் பேர். ஒரு இருமல்கூட இல்லை. பந்து விழும் சத்தம் மட்டும்.

எதிராளி அடித்த பந்து உயர்ந்து வந்து நிறைமதியின் பின்கோட்டருகே இறங்கியது.

"அவுட்!"

கத்தியது ஏகாம்பரம். எப்படி எழுந்தார், எப்போது வாய் திறந்தது, அவருக்கே தெரியவில்லை.

கோட்டருகே நிற்கும் லைன்ஸ்மேன்தான் சொன்னார் என்று நினைத்து நிறைமதி மட்டையை இறக்கிவிட்டாள். பந்து அவளைத் தாண்டிப் போயிற்று. அது கோட்டின் மேலேயே விழுந்த பந்து; அவுட் இல்லை. பாயிண்ட் போய்விட்டது.

நடுவர் மைக்கில் கண்டித்தார். கூட்டம் திரும்பி இருபத்தோராம் வரிசையைப் பார்த்தது. ஏகாம்பரம் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார். நிமிர்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த நீலத் தொப்பிதான்.

காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

"எந்திரிங்க பெரியவரே. வெளிய வாங்க."

"நான் இல்லீங்க," என்றார் சவரிமுத்து.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வாங்க, வாங்க."

கீழே நிறைமதி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சவரிமுத்து அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

ஏகாம்பரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி அம்மாவும் எழுந்து சவரிமுத்துவின் பின்னாலேயே போனார்.

டென்னிஸில் ஆட்டம் நடக்கும்போது இடத்தைவிட்டு எழக் கூடாது. ஆடுகிறவர்கள் பக்கம் மாறும்போதுதான் எழலாம். அந்த இடைவெளி வந்தது. ஏகாம்பரம் எழவில்லை. இரண்டாவது முறையும் வந்தது. செட்டை நிறைமதி தோற்றாள். ஐஸ்கிரீம் வாங்கப் போகிறவர்கள்கூட அவர் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். அவருக்கு இருபுறமும் காலி நாற்காலி. யாரோ கை தட்டினால் அவரும் தட்டினார். தன் கையை மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு தட்டினார்.

மூன்றாவது செட்டில் மூன்றுக்கு இரண்டு ஆனபோது எழுந்து வெளியே வந்தார்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து தலையைச் சாய்த்து உள்ளே கேட்கும் கைதட்டலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இப்ப எத்தனை? மூணு ரெண்டா?"

"ஆமா."

"யாருக்கு மூணு?"

"நிறைமதிக்கு."

"அப்படிப் போடு!"

ஏகாம்பரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, கத்தினது நான்தான்."

"தெரியுமே சார். என் காதுக்குள்ளயில்ல கத்துனீங்க. இன்னும் ஙொய்ங்குது."

"அப்ப ஏன் என்னைக் காட்டலை?"

"நான் அங்க நின்னு நீ, நானுன்னு வழக்காடுனா பாப்பா எப்படி சர்வ் போடும்? ஏற்கெனவே மனசு கெட்டுப் போயி நிக்குது. கையில பந்தை வச்சுக்கிட்டு நிக்கவிடலாமா?"

ஏகாம்பரத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மறுபடி உள்ளே விட மாட்டாங்களா?" என்று குருவைக் கேட்டார்.

"கேட்டேன். கத்தினவர் யாருன்னு தெரிஞ்சா இவரை விடறேன்னு கேட்ல நிக்கறவர் சொல்றார்."

"நீங்க சொல்லியிருக்கலாமேம்மா."

"இவர்தான் தடுத்துட்டார். பாவம், அந்த சாராவது ஆட்டத்தைப் பாக்கட்டும்னார்."

டீ வந்தது. ஏகாம்பரம் தம்ளரைத் தொடவில்லை. உள்ளே பெரிதாகக் கைதட்டல். சவரிமுத்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, நாளையிலேர்ந்து ஒரு மாசம் மௌன விரதம் இருக்கப் போறேன்."

"ஒரு செட் முழுக்க இருந்தீங்களே, போதாதா?"

ஏகாம்பரம் கேட்டைப் பார்த்தார். காவலரைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கான வரிசை. ஏகாம்பரத்தின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்ட ஒருவர்கூட அதில் இருந்தார். இவரைப் பார்த்துக் கையசைத்தார்.

"சரிம்மா," என்று எழுந்தார் ஏகாம்பரம். "கூட்டம் கூட்டாம, அந்தக் காவலர் காதோட சொல்லிட்டு வந்துடறேன்."

கோமதி அம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எதுக்குக் காது? இங்கேர்ந்தே சொல்லுங்க. உங்க குரல் உள்ளே இருபது வரிசை தாண்டிப் போச்சு. கேட் அதைவிடக் கிட்டத்தான் இருக்கு."